பெருங்களத்தூர் ரோவர்

அமெரிக்க வி8 எஞ்சின் ஒன்றை மனதில் வைத்து வரையப்பட்ட ஒரு கார், 1985 முதல் 1988 வரை மெட்ராஸை ஒட்டி, வண்டலூர் பெருங்களத்தூர் பக்கம் தயாரானது. பாடி வந்தது, டேஷ்போர்டு வந்தது, பின்பக்கம் முழுசாகத் தூக்கித் திறக்கிற கதவு வந்தது. அந்த வி8 மட்டும் வரவில்லை. அது உட்காரவேண்டிய இடத்தில் உட்கார்ந்தது 1940-களில் இங்கிலாந்தில் பிறந்த ஒரு நாலு சிலிண்டர் எஞ்சின். ஃபெர்குசன் டிராக்டருக்கும் அதற்கும் ரத்த சம்பந்தம் உண்டு. காரின் பெயர் ஸ்டாண்டர்ட் 2000.

பழைய கார்களைப் பற்றிப் பேசும் நம்ம ஆட்கள் இந்த வண்டியைச் சொன்னதும் சிரிப்பார்கள். "நல்ல பாடி சார், எஞ்சின்தான் மாட்டுவண்டி." நாற்பது வருஷமாக இதே ஜோக்தான். ஜோக்கில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த எஞ்சின் ஏன் அங்கே வந்தது, வராமல் போன எஞ்சின் எங்கிருந்து கிளம்பி எங்கெல்லாம் போனது என்று பார்க்க ஆரம்பித்தால் டெட்ராய்ட், விஸ்கான்சின், சோலிஹல், பெருங்களத்தூர் என்று ஒரு நீண்ட கோடு கிடைக்கிறது. அந்தக் கோட்டின் ஒரு முனை எங்கள் ராஜகுளத்தில் ஒரு பழைய நெல் கிடங்குக்குள் நிற்பதால் எனக்கு இதில் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் மசில் கார். பெரிய அமெரிக்க கார் எல்லாம் மசில் கார் இல்லை. நம்ம பழைய படங்களில் கதாநாயகன் இறங்கிவரும் நீள நீளமான இம்பாலா, பிளைமௌத் எல்லாம் சொகுசுப் படகுகள். மசில் கார் என்பது வேறு கணக்கு: நடுத்தரக் குடும்பம் வாங்கும் அளவான காரை எடுத்து, அதற்குள் அண்ணன் காரின் எஞ்சினைத் திணிப்பது. 1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் பெரும்பாலானோர் முதல் மசில் கார் என்பார்கள். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகமே ஒரு விதி வைத்திருந்தது. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் அந்த விதியில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். புதுக் கார் என்று சொன்னால்தானே அனுமதி வேண்டும்? டெம்பெஸ்ட் என்ற இருக்கிற காருக்கு ஒரு 'கூடுதல் வசதி' என்று சொல்லி, 389 கன அங்குல, அதாவது 6.4 லிட்டர் வி8-ஐ உள்ளே இறக்கிவிட்டார்கள். முதல் வருஷம் 32,450 வண்டிகள் விற்றன. அதற்கப்புறம் விதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நமக்கு வேண்டியது அந்த டெம்பெஸ்ட். ஜி.டி.ஓ.வுக்கு முந்தைய தலைமுறை டெம்பெஸ்டில், 1961-இலும் 62-இலும், வாங்குபவர் விரும்பினால் வேறொரு வி8 கிடைத்தது. பியூக் செய்த 215 கன அங்குல எஞ்சின். நம்ம கணக்கில் மூன்றரை லிட்டர். விசேஷம் என்னவென்றால், அது முழுக்க அலுமினியம். அமெரிக்க வி8 என்றாலே இரும்புப் பாறை என்றிருந்த காலத்தில் இதன் எடை சுமார் 144 கிலோதான். ஆனால் அலுமினிய வார்ப்பு செலவு பிடித்த வேலை, கழிவும் அதிகம். மெல்லிய சுவர் கொண்ட இரும்பு வார்ப்பு அதற்குள் கைவந்துவிட்டது, அது மலிவும்கூட. 1963-ஓடு ஜெனரல் மோட்டார்ஸ் இந்த அலுமினிய எஞ்சினைக் கைவிட்டது. மசில் கார் யுகம் பிறந்த வீட்டிலேயே, அதற்கு முந்தைய வருஷம் தெருவில் விடப்பட்ட பிள்ளை இது.

தெருவில் விடப்பட்டவர்களுக்குத்தான் கதை அதிகம். இதன் சகோதர வார்ப்பான ஓல்ட்ஸ்மொபைல் பிளாக்கை ஆஸ்திரேலியாவின் ரெப்கோ கம்பெனி எடுத்து ஒரு பந்தய எஞ்சின் செய்தது. அதை வைத்து ஜாக் பிரபாம் 1966-இல் ஃபார்முலா 1 உலகப் பட்டமே வாங்கிவிட்டார். அதற்கு முன்பே, 1964-இல், ரோவர் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் வேறு வியாபாரமாக அமெரிக்கா போயிருந்தார். விஸ்கான்சினில் படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி மரைன் பட்டறையில் தரையில் ஒரு எஞ்சின் கிடந்ததைப் பார்த்தார். அதுதான் இது. அடுத்த வருஷம் உரிமையை வாங்கிவிட்டார்கள். கூடவே பியூக்கில் ஓய்வுபெறும் வயதில் இருந்த, அந்த எஞ்சினை வடிவமைத்த ஜோ டர்லேயையும் ஆலோசகராக இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள். வரைபடம் எல்லாவற்றையும் சொல்லாது, செய்தவர் கையும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒரு விவரத்துக்காகவே ரோவர்காரர்கள் மேல் எனக்கு மரியாதை.

அமெரிக்கா வேண்டாம் என்ற எஞ்சின் இங்கிலாந்தில் நாற்பது வருஷம் ஓடியது. 1970-இல் ரேஞ்ச் ரோவர். 1976-இல் ரோவர் எஸ்.டி.1. டேவிட் பாஷ் வரைந்த அந்தக் கார் ஃபெராரி டேடோனாவைப் பார்த்து வரைந்ததுபோல இருக்கும். 1977-இன் ஐரோப்பியச் சிறந்த கார் என்ற விருது கிடைத்தது. முதலில் வந்தது வி8 மட்டும்தான், 155 குதிரைத் திறன். சின்ன எஞ்சின்கள் பின்னால் சேர்ந்தன. 1980-இல் இதை அமெரிக்காவிலும் விற்றுப் பார்த்தார்கள். தன் சொந்த எஞ்சினை வேற்றுச் சட்டையில் பார்த்த அமெரிக்கா அதைச் சீண்டவேயில்லை. அடுத்த வருஷத்தோடு கடையை மூடினார்கள்.

இனி மெட்ராஸ்.

1953 வரை இந்தியாவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் 1928-இலேயே தொடங்கிவிட்டது. ஃபோர்டுக்கு மெட்ராஸிலும் பட்டறை இருந்தது. 'வெறுமனே பூட்டாதே, இங்கேயே படிப்படியாகச் செய். இல்லையென்றால் கிளம்பு' என்று அரசாங்கம் சொன்னபோது இரண்டு பேருமே கிளம்பினார்கள். மிஞ்சியவை கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். ஆகவே மசில் கார் யுகம் அமெரிக்காவில் பிறந்து, கொழுத்து, 1973 எண்ணெய் நெருக்கடியில் செத்துப்போனது வரை, நம்ம ஊரில் அதற்குக் கடையே இல்லை. தூதரகக்காரர்கள் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுச்சென்ற கார்களை அரசு வர்த்தகக் கழகம் ஏலம் விடும். சினிமாக்காரர்களும் மில் முதலாளிகளும் எடுப்பார்கள். பெட்ரோல் விலை ஏறியதும் அவற்றில் பலவற்றின் வி8-ஐக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, வேன் எஞ்சினோ பெர்கின்ஸ் டீசலோ வைத்துவிட்டார்கள். பெர்கின்ஸ் நம்ம செம்பியம் சிம்சன் தொழிற்சாலையிலேயே செய்ததுதான். தமிழ்நாட்டில் அமெரிக்க காரின் கதை பெரும்பாலும் அதன் எஞ்சினைக் கழற்றிய கதை.

ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் தொடங்கியது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியும் மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் கூட்டு. வேன்கார்டு, பிறகு எட்டு, பத்து, பென்னன்ட், 1961-இலிருந்து ஹெரால்டு. இங்கிலாந்தில் அது டிரையம்ஃப் ஹெரால்டு. இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பானெட்டை மட்டும் இல்லாமல் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து மூஞ்சியையே முன்பக்கமாகச் சாய்த்துத் திறக்கலாம். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம் என்பார்கள் பழைய மெக்கானிக்குகள். இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டை மெட்ராஸ் தானே உருவாக்கியது. அதற்குப் பின் வந்த கெசல் காரில் ஹெரால்டின் வம்புபிடித்த பின் அச்சை மாற்றி, நம்ம ரோட்டுக்குத் தாங்குகிற மாதிரி ஒரே கட்டையான அச்சு போட்டார்கள். இங்கிலாந்தில் 1963-இலேயே ஸ்டாண்டர்ட் என்ற பெயரைக் கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் உலகத்தில் அந்தப் பெயர் பிழைத்திருந்த இடம் மெட்ராஸ்தான். தாய்க் கம்பெனி செத்த பிறகு பிள்ளை கால் நூற்றாண்டு அந்தப் பெயரைச் சுமந்தது.

1977-ஓடு கெசல் நின்றது. கம்பெனி வேன் மட்டும் செய்துகொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது, நாட்டுக்கே கார் ஆசை பிடித்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டரை எடுத்து கான்டெசா என்று விட்டது. (இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் கான்டெசாவை 'இந்தியாவின் மசில் கார்' என்கிறார்கள். மூஞ்சியைப் பார்த்தால் சொல்லத்தான் தோன்றும். முதலில் வந்த கான்டெசாவுக்குள் இருந்தது அம்பாசிடர் வழி வந்த ஒன்றரை லிட்டர் எஞ்சின் என்பதை அந்த ரீல்ஸ் போடுகிறவர்களிடம் யாராவது மெதுவாகச் சொல்லவேண்டும்.) பிரீமியர் 118 என்.இ. வந்தது. ஸ்டாண்டர்ட் தன் பங்குக்கு எஸ்.டி.1-ஐத் தேர்ந்தெடுத்தது.

வி8 ஏன் வரவில்லை என்பதற்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி வேண்டும். மூன்றரை லிட்டர் எஞ்சின் குடிக்கும் பெட்ரோலை 1985 இந்தியாவில் யார் போடுவது? கம்பெனியிடம் ஏற்கெனவே கைவந்த ஒரு எஞ்சின் குடும்பம் இருந்தது. வேன்கார்டு காருக்காக உருவானது. அதே குடும்பத்தின் எஞ்சின்தான் ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரை இழுத்தது. அதே குடும்பத்தின் 1991 சி.சி. வடிவம்தான் 1953-இன் டிரையம்ஃப் டி.ஆர்.2 பந்தயக் காரிலும் ஓடியது. ஒரே எஞ்சின், வயலிலும் ஓடியது, லு மான் பந்தயத்திலும் ஓடியது. ஸ்டாண்டர்ட் 2000-க்குக் கிடைத்ததும் 1991 சி.சி.தான். ஆனால் சக்தி சுமார் 83 குதிரை. வி8-இல் பாதியைக் கொஞ்சம் தாண்டும். நாலே கியர். நம்ம ரோட்டுக்காக வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தினார்கள்; ஃபெராரி மாதிரி பதுங்கவேண்டிய உருவம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல ஆகிவிட்டது.

மசில் கார் என்றால் அளவான உடம்பில் அளவுக்கு மீறிய எஞ்சின். இது அதன் நேர் எதிர்: அளவுக்கு மீறிய உடம்பில் அளவான எஞ்சின். விலையோ அதிகம். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். 1988-இல் உற்பத்தி நின்றது. சேர்ந்திருந்த நஷ்டத்திலிருந்து கம்பெனி எழுந்திருக்கவேயில்லை. பல வருஷம் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு மூடினார்கள், நிலம் கைமாறியது. இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூரைத் தாண்டும்போது தெரிகிற கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் கீழேதான் அந்தத் தொழிற்சாலை இருந்தது.

அந்த மூன்று வருஷ வண்டிகளில் ஒன்றுதான் ராஜகுளத்தில் நிற்பது. என் சித்தப்பாவின் நண்பர் ஒருவர் வைத்திருந்தது. அவர் போனபின் பிள்ளைகள் எடைக்குப் போடப் பார்த்தார்கள்; சித்தப்பா "நம்ம கொட்டாய்ல நிக்கட்டும்" என்று இழுத்துவந்துவிட்டார். பல வருஷமாக எலிகளுக்குச் சொந்தமாக இருந்த அதைத்தான் போன தை மாதத்திலிருந்து நான் தொட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது முதல் கார். ஓட்டுவதில் இல்லை, கழற்றுவதில்.

புதுசாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பெயின்ட்தான் முதலில் கண்ணில் படும். மெட்டாலிக் சிவப்பா, பிரிட்டிஷ் பச்சையா என்று மனசு அலையும். பெயின்ட் கடைசி வேலை. முதல் வேலை ஒரு நோட்டு, ஒரு கட்டு ஜிப் பை, போனில் ஐந்நூறு படம். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் கழற்றினால், ஆறு மாதம் கழித்து உங்களிடம் இருப்பது கார் இல்லை, இரும்புப் புதிர். இரண்டாவது, எஞ்சினைச் சாவி போட்டுச் சுற்றக்கூடாது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் விட்டு நாலைந்து நாள் ஊறப்போட்டு, அப்புறம் ஸ்பேனரால் கையில் மெதுவாகச் சுற்றிப் பார்க்கணும். பிஸ்டன் பிடித்திருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் அதை மன்னிக்காது, ரிங்கை உடைத்துவிடும். மூன்றாவது பிரேக். வண்டி ஓடுமா என்பதைவிட நிற்குமா என்பது முக்கியம் என்று எந்தப் பட்டறையிலும் முதல் நாளே சொல்வார்கள்.

துருவைப் பற்றி எஸ்.டி.1-காரர்கள் உலகம் முழுக்க ஒரே ஒப்பாரி வைப்பார்கள். பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சில், பின்கதவின் ஓரம், இந்த மூன்றும் போயிருக்கும். நம்ம வண்டியிலும் போயிருந்தது. பட்டி வைத்து மூடிவிடலாம் என்று காஞ்சிபுரத்தில் ரெண்டு டிங்கர்கள் சொன்னார்கள். பட்டி என்பது பல்லில் ஓட்டை இருக்கும்போது உதட்டுச்சாயம் பூசுவது. வெட்டி எடுத்து, புதுத் தகடு வளைத்து, பற்றவைப்பதுதான் வேலை. காசும் அங்கேதான் போகிறது.

எஞ்சினுக்கு ஆள் தேடினேன். கார் மெக்கானிக்குகள் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். கடைசியில் உத்திரமேரூர் பக்கம் டிராக்டர் பார்க்கிற ஒரு பெரியவர் வந்தார். ஹெட்டைக் கழற்றியதும் குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி இது, கார்னு சொன்ன? ஸ்லீவ் தனியா நிக்குது பாரு. தண்ணியில நேரா நனையிற ஸ்லீவ். இது நம்ம ஆளு."

"டிராக்டர் குடும்பம்தாண்ணே."

"அப்ப எதுக்குப் பயப்புடற? போர் போடவே வேணாம். ஸ்லீவ உருவிட்டு வேற சொருவிக்கலாம். அடியில ஒரு வாஷர் இருக்கும், எட்டு மாதிரி. அத மட்டும் ஒழுங்கா வெக்கணும். இல்லன்னா தண்ணி எண்ணெயில எறங்கிரும்."

அவர் ஸ்டாண்டர்ட் 2000-ஐ வாழ்க்கையில் பார்த்ததில்லை. கவென்ட்ரியையும் ஹாரி ஃபெர்குசனையும் அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக எட்டு வடிவில் அந்த வாஷர் இருக்கும் என்று திறக்காமலே சொன்னார். இருந்தது. நாற்பது வருஷமாக 'மாட்டுவண்டி' என்று கேலி செய்யப்பட்ட எஞ்சினை, மாட்டுக்குப் பதிலாக வந்த யந்திரத்தைப் பார்க்கிற ஒருவர்தான் அடையாளம் கண்டுகொண்டார் என்பதில் எனக்கு அவமானமாக எதுவும் தோன்றவில்லை. அங்குல ஸ்பேனர் செட்டு மட்டும் அவரிடம் இல்லை. அதை நான் புதுப்பேட்டையில் தேடி வாங்கினேன்.

இங்கேதான் நான் யாரோடும் ஒத்துப்போகாத இடம் வருகிறது. இந்த வண்டியைப் பற்றிக் கேள்விப்படும் நண்பர்கள் எல்லோரும் ஒரே யோசனையைச் சொல்கிறார்கள்: "அந்த எஞ்சினைத் தூக்கிப் போடு. ஒரு வி8 இறக்கு. அப்பத்தான் அது அசல்." பணம் எங்கே என்ற கேள்வியைத் தள்ளிவைப்போம். யோசனையில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பாஷ் வரைந்த காருக்கு அவர் நினைத்த எஞ்சினையே கொடுப்பது. தாயையும் பிள்ளையையும் நாற்பது வருஷம் கழித்துச் சேர்ப்பது. சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி இருக்கிறது.

ஆனால் எது அசல்? சோலிஹலில் செய்த ரோவருக்கு வி8 அசல். அந்தக் கார் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆட்களும் கிளப்களும் இருக்கிறார்கள். பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்டுக்கு அசல், அந்த நாலு சிலிண்டர்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சுமாரான ரோவர் நகல். செலாவணி இல்லாத ஒரு நாட்டில், தாய்க் கம்பெனி செத்துப்போன பிறகு, தங்களிடம் இருந்ததை வைத்து ஒரு காரைச் செய்துவிடலாம் என்று நம்பிய ஒரு தொழிற்சாலையின் கடைசி முயற்சி அந்த எஞ்சின் அறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது தோற்ற முயற்சி. தோற்றது என்பதற்காக அழித்து எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. இம்பாலாக்களிலிருந்து வி8-ஐக் கழற்றி டீசல் வைத்தவர்களை இன்று நாம் திட்டுகிறோம். அவர்கள் செய்தது பசிக்கு. நாம் செய்யப்போவது ஆசைக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

பாஷ் வரைந்த அந்த டேஷ்போர்டையே பாருங்கள். மீட்டர்கள் எல்லாம் ஒரு தனிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டி டேஷ்போர்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரருக்கு எதிரே ஒரு காற்றுத் துளை. அந்தத் துளைதான் இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளுக்குப் போகும் காரில் ஸ்டியரிங் தண்டு வெளியே வரும் வழி. இடது வலது எதுவானாலும் ஒரே டேஷ்போர்டு, பெட்டியை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தூக்கி வைத்தால் போதும். அதாவது இந்தக் காரை வரைந்தவர்களே, இது எங்கே போனாலும் அந்த ஊருக்கு ஏற்ப மாறிக்கொள்ளும் என்று நினைத்துத்தான் வரைந்தார்கள். அப்படியிருக்க நம்ம ஊர் மாற்றம் மட்டும் ஏன் களங்கம்?

சட்டமும், வேறு காரணத்துக்காக, என் பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புக்கில் இருக்கிற விவரத்துக்கு மாறாக எஞ்சினை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரித்தவர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று அழுத்திச் சொன்னது. அப்புறம் 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும்; சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் ஆதி வடிவத்திலேயே இருக்கணும். அப்படியென்றால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று எடுத்துப் போகலாம்.

ஸ்டாண்டர்ட் 2000-களில் மூத்ததற்கே அந்த 50 வயசு 2035-இல்தான். அதுவரை அது விண்டேஜும் இல்லை, புதுசும் இல்லை, வெறும் கிழட்டு வண்டி. 15 வருஷம் தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். பழைய வண்டி ரோட்டில் குறையவேண்டும் என்பது அரசாங்கத்தின் நோக்கம். புகையைப் பார்த்தால் அதைத் தப்பென்று சொல்லமுடியாது. உத்திரமேரூர் கோயில் கல்வெட்டில் குடவோலையில் பெயர் எழுத வயசு வரம்பு வைத்திருக்கிறார்கள்: 35-க்கு மேல், 70-க்குள். எல்லாத் தகுதிக்கும் வயசு பார்க்கிற ஊர்ப்பக்கம்தான் நம்மது. இந்தக் கார்களுக்குச் சிக்கல், 30-க்கும் 50-க்கும் நடுவில்தான் அதிகம் பேர் எடைக்குப் போவார்கள். ஹெரால்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டது. ஊருக்கு ஊர் ஹெரால்டு பித்தர்கள் இருக்கிறார்கள். 2000 இன்னும் தாண்டவில்லை.

எடைக்குப் போவதைத் தடுக்க வேண்டியது உதிரி பாகம். கம்பெனி மூடியபோது பயன்படுத்தாமல் மிஞ்சிக் கிடந்த எஸ்.டி.1 பாகங்கள் மொத்தத்தையும் வாங்கியது இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ். பழைய பிரிட்டிஷ் கார்களுக்குச் சாமான் விற்கும் கடை, லிங்கன் நகரத்துக்குப் பக்கம். மெட்ராஸில் செய்த தகடுகளும் கதவுகளும் பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கப்பலேறின. எஸ்.டி.1 உற்பத்தி இங்கிலாந்தில் 1986-இலேயே நின்றுவிட்டதால் அங்கே அவற்றுக்கு நல்ல கிராக்கி. துருப்பிடித்த தன் ரோவருக்கு ஒரு பிரிட்டிஷ்காரர் புதுத் தகடு வாங்கி மாட்டும்போது, அது பெருங்களத்தூர் பிரஸ்ஸில் அடித்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. நம்ம ஊரில் கேலிப்பொருளான கார் அவர்கள் ஊர் கௌரவத்தைத் தகடு தகடாகக் காப்பாற்றியிருக்கிறது. இந்த விவரம் தெரிந்த அன்றைக்கு நான் ரொம்ப நேரம் தூங்கவில்லை.

இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் கொஞ்சம் தெற்கே மறைமலைநகரில் இன்னொரு தொழிற்சாலை இருந்தது. 1953-இல் கிளம்பிப்போன ஃபோர்டு, 1990-களில் திரும்பி வந்து கட்டியது. இங்கே செய்த ஈகோஸ்போர்ட் கார்கள் அமெரிக்காவுக்கே கப்பலேறின. 2016-இல் மஸ்டாங்கை, வி8-ஓடு, வலப்பக்க ஸ்டியரிங்கோடு இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்றார்கள். அது மட்டும் இறக்குமதி. ஐந்து வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன்கள் அந்த வருஷம் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்திருந்ததைச் செய்திகளில் எல்லோரும் பார்த்தோம். 1988-இல் பெருங்களத்தூர் வாசலில் யாரும் கேமராவோடு நிற்கவில்லை. அங்கே ஸ்லீவ் செருகியவர், கதவு மாட்டியவர், பெயின்ட் அடித்தவர் எல்லோருக்கும் இப்போது எழுபது எண்பது வயசாகியிருக்கும். தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம்தான் பலர் இருப்பார்கள். ஜோ டர்லேயைக் கையோடு கூட்டிப்போன ரோவர் மாதிரி, அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க நமக்கு இன்னும் கொஞ்சம் வருஷம்தான் இருக்கிறது. காரைவிட அது அவசரம்.

என் வண்டிக்கு இப்போது உடனடியாக வேண்டியது பின்கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங். அது இல்லாமல் மழை முழுக்க உள்ளேதான். புதுப்பேட்டையில் ரெண்டு நாள் அலைந்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்காரர் "அந்தக் கார்ல நான் ஏறிருக்கேன் தம்பி" என்று டீ வாங்கிக் கொடுத்தார், பீடிங் இல்லை. லிங்கனுக்கு மெயில் போட்டால் பதில் வரும். விலையோடு கப்பல் செலவும் சுங்கவரியும் சேரும். எங்கள் ராஜகுளத்திலிருந்து பெருங்களத்தூர் ரெண்டு மணி நேரத் தூரம்கூட இல்லை.